முறிந்த இடத்தில் திரண்ட எலும்பு: உருவிக் கரைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. ஏகாம்பரம் மைதானத்தில் பந்து விளையாடிவிட்டுச் சைக்கிளில் வரும்போது விழுந்து, வலது கணைக்கால் எலும்பு நடுவில் முறிந்துவிட்டது. எட்டு வாரம் பிளாஸ்டர் போட்டிருந்தது. போன கிழமை வெட்டி எடுத்து, "பொருந்திவிட்டது, மெல்ல மெல்லக் காலை ஊன்றலாம்" என்று சொல்லி, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். ஆனால் முறிந்த இடத்தில் கட்டி மாதிரி ஒன்று கையில் தட்டுப்படுகிறது. எக்ஸ்ரேயிலும் அந்த இடம் புடைத்துத் தெரிகிறது. அதோடு முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு இருக்கிறது. அது இன்னொரு வெடிப்போ என்று பயமாக இருக்கிறது. முறிவு வைத்தியரிடம் காட்டி எண்ணெய் போட்டு உருவினால் கட்டி கரையும் என்று மாமி சொல்கிறார். உருவலாமா? கால்சியம் மாத்திரையும் ஆட்டுக்கால் சூப்பும் கொடுக்க வேண்டுமா? உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற மூத்தவள், "இவ்வளவு இறுக்கமான எலும்பு எப்படியம்மா வளரும்?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மகனைக் கோணேசர் கோவிலுக்கு நடத்திக் கூட்டிப்போவதாக நேர்த்தி வைத்திருக்கிறேன். எப்போது போகலாம்?

ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

உருவுகிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இதற்குள் மாமி வைத்தியரிடம் நாள் கேட்டிருக்கவும் கூடும். உருவ வேண்டாம். அந்தக் கட்டியை அழுத்தவோ, சூடு காட்டித் தேய்க்கவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். அது கெட்ட நீருமில்லை, கட்டிப்போன இரத்தமுமில்லை. உங்கள் மகனின் உடம்பு எட்டு வாரமாகப் பாடுபட்டுக் கட்டிய புது எலும்பு. இன்றைக்கு அவன் அந்தக் காலை நிலத்தில் வைக்க முடிவது அந்தக் கட்டியால்தான்.

கறுப்புக் கோட்டைப் பற்றியும் நிம்மதியாக இருங்கள். நீங்கள் எழுதியிருக்கிற இடத்தைப் பார்த்தால் அது வெடிப்பல்ல. 13 வயதுப் பிள்ளையின் எக்ஸ்ரேயில் அந்தக் கோடு இருக்கத்தான் வேண்டும். படத்தை நான் பார்க்கவில்லை என்பதால், அடுத்த கிளினிக்கில் அந்த இடத்தை விரலால் காட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அது என்ன கோடு என்பதைக் கீழே விளக்குகிறேன். மூத்தவளின் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

எலும்பு உருவாகிற விதத்தில் ஒன்றை விளங்கிக்கொண்டால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும். கருப்பையிலிருக்கிற சிசுவில் என்றாலும் சரி, முறிந்த காலில் என்றாலும் சரி, எலும்பு இரண்டு தடவை கட்டப்படுகிறது. முதல் தடவை அவசரத்துக்கு, இரண்டாம் தடவை ஒழுங்காக. புயல் அடித்து வீடு போனால் வளவுக்குள் முதலில் ஒரு கொட்டில் போட்டு, அதில் இருந்துகொண்டே கல்வீட்டை எழுப்புகிறோம் அல்லவா, அது மாதிரி. உங்கள் மகனின் காலில் இப்போது கையில் தட்டுப்படுவது அந்தக் கொட்டில். கல்வீட்டு வேலை உள்ளே தொடங்கிவிட்டது. அது முடிய வருடக்கணக்காகும்.

அந்த எட்டு வாரத்தில் உள்ளே என்ன நடந்தது? எலும்பு முறியும்போது அதற்குள் ஓடுகிற இரத்தக் குழாய்களும் சேர்ந்து அறுந்துபோகின்றன. கசிந்த இரத்தம் முறிவைச் சுற்றி உறைகிறது. முதல் நாட்களில் இருந்த வீக்கத்துக்கும் சரியான நோவுக்கும் அது ஒரு காரணம். அந்த உறைந்த இரத்தத்துக்குள் புதிய குழாய்களும் கலங்களும் புகுந்து, இரண்டு மூன்று வாரத்துக்குள் நாரும் குருத்தெலும்புமாக ஒரு மெத்தென்ற பிணைப்பை உண்டாக்கும். அதில் சுண்ணாம்பு ஏறியிராது, அதனால் எக்ஸ்ரேயில் படாது. முதல் மாதத்துப் படத்தைப் பார்த்துவிட்டு "ஒன்றும் பொருந்தவே இல்லையே" என்று பலர் கலங்குவது இதனால்தான். அப்புறம் அந்தப் பிணைப்புக்குள் எலும்பு கட்டுகிற கலங்கள் வந்து புது எலும்பைப் படிய வைக்கின்றன. அவசர வேலை என்பதால் அதிலுள்ள கொலாஜன் என்ற புரத நார்கள் ஒரு திசையில் அடுக்கப்படாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். நாங்கள் அதைப் பின்னல் எலும்பு என்போம். கெதியாக வளரும், ஆனால் அதே அளவு முதிர்ந்த எலும்பைவிட வலு குறைவு.

அந்த வலுக் குறைவைப் பருமனால் ஈடு செய்துகொள்கிறது உடம்பு. ஒரு தண்டு வளையாமல் தாங்குவதற்கு, அதன் பொருள் நடுவில் குவிந்திருப்பதைவிட நடுவிலிருந்து தள்ளி வெளிவட்டத்தில் இருப்பதுதான் நல்லது. சம நிறையுள்ள இரும்பில் செய்த மெல்லிய கம்பியையும் பருத்த குழாயையும் வளைத்துப் பார்த்தால் இது தெரியும். ஆகவே வலுக் குறைந்த புது எலும்பு முறிவுக்கு வெளியே தள்ளித் திரண்டு நிற்கிறது. அது திரண்டிருப்பது தவறி நடந்ததல்ல. அந்த நேரத்தில் காலைக் காப்பாற்ற உடம்பு கண்டுபிடித்திருக்கிற வழி அது.

இனிக் கல்வீட்டைப் பார்ப்போம். நீங்கள் சூப்புக்கு ஆட்டுக்கால் வாங்கினால், சமைக்கும் முன் மூத்தவளையும் கூப்பிட்டு, வெட்டிய முகத்தைக் கழுவிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். தண்டின் நடுப்பகுதியில் வெட்டிய துண்டில் மச்சையைச் சுற்றித் தடித்த வெள்ளை வளையம் ஒன்று இருக்கும். ஓட்டையே இல்லாததுபோல இறுகி மினுங்கும். அதுதான் அடர்ந்த எலும்பு. மூட்டுப் பக்கம் வெட்டிய துண்டில் அந்த வளையம் மெலிந்து, உள்ளே சிவந்த கண்ணறை கண்ணறையாகப் பஞ்சு எலும்பு தெரியும். மனித எலும்புக்கூட்டின் நிறையில் ஐந்தில் நான்கு பங்கு அடர்ந்த எலும்புதான். தண்டின் வெளிப்பக்கத்தை நகத்தால் தடவிப் பார்த்தால் மெல்லிய தோல் ஒன்று உரிந்து வரும். எலும்பின் மேலுறையான அந்தச் சவ்வை மறக்க வேண்டாம், கொஞ்சம் பொறுத்து அதற்கு வருகிறேன். நன்றாகக் கழுவிய தண்டில் ஊசி நுழையும் அளவுக்குச் சாய்வான ஒரு துளையும் இருக்கும். எலும்புக்குள் இரத்தக் குழாய் போகிற பிரதான வாசல் அது.

கண்ணுக்கு இறுகிய கட்டியாகத் தெரிகிற அந்த வெள்ளை வளையத்தை மெல்லிசாகத் தேய்த்து நுணுக்குக்காட்டியில் வைத்தால் வேறொரு உலகம். எலும்பின் நீளப்போக்கில் உருளை உருளையாக ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் அமைப்புகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிறு கால்வாய், அதற்குள் இரத்தக் குழாயும் நரம்பும். இங்கிலாந்து வைத்தியர் குளொப்டன் ஹேவர்ஸ் 1691இல் வெளியிட்ட எலும்பு பற்றிய நூலில் இந்தக் கால்வாய்களை விவரித்தார், அதனால் அவர் பெயராலேயே ஹேவர்சியன் கால்வாய் என்கிறோம். கால்வாயைச் சுற்றி வட்டத்துக்குள் வட்டமாக எலும்புத் தகடுகள். ஒரு தகட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரை 200 பங்காக்கினால் கிட்டத்தட்ட ஒரு பங்கு. கால்வாயும் தகடுகளும் சேர்ந்த முழு உருளைக்கு ஒஸ்தியன் என்று பெயர். அதன் குறுக்களவு ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர்.

ஏன் இவ்வளவு சிறிய உருளைகள்? ஒரே பெரிய கட்டியாக இருந்தால் என்ன? எலும்புக்குள் வாழ்கிற கலங்களுக்குச் சாப்பாடு போக வேண்டுமே. தகடுகளுக்கிடையே சின்னஞ்சிறு பொந்துகளில் என்புக்கலங்கள் அடைபட்டிருக்கின்றன. ஒவ்வொரு கலமும் மயிரிலும் மெல்லிய வாய்க்கால்கள் வழியே விரல்களை நீட்டிப் பக்கத்துக் கலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். நடுக் கால்வாயின் இரத்தத்திலிருந்து சத்து இந்த வாய்க்கால்கள் வழியே கைமாறிக் கைமாறித்தான் வெளி வட்டத்துக்குப் போகிறது. அப்படிப் போகக்கூடிய தூரம் மில்லிமீற்றரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அதற்கு மேல் உருளை பருத்தால் ஓரத்துக் கலங்கள் செத்துவிடும். முழு எலும்பும் உயிரோடிருக்க வேண்டும் என்பதுதான் இந்த அளவைத் தீர்மானித்திருக்கிறது. எலும்பை நாங்கள் வைத்தியர்கள் உயிருள்ள இழையம் என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் அதனால்தான்.

வலுவின் இரகசியமும் இந்தத் தகடுகளில் இருக்கிறது. ஒரு தகட்டிலுள்ள கொலாஜன் நார்கள் ஒரு பக்கம் சாய்ந்தால், அடுத்த தகட்டில் வேறு பக்கம் சாயும். ஆகவே ஒரு நுண்வெடிப்பு ஒரு தகட்டைக் கடந்தாலும் அடுத்ததில் திசைமாறித் திணறும். நார்களுக்கு இடையே கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்த நுண்பளிங்குகள் படிந்து இறுக்கம் கொடுக்கின்றன. இரண்டும் தேவை. மூத்தவள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்: கோழிக்கால் எலும்பொன்றைச் சுத்தமாக்கி வினாகிரிக்குள் ஒரு கிழமை போட்டு வைக்கட்டும், இடையில் இரண்டொரு தடவை வினாகிரியை மாற்றட்டும். சுண்ணாம்புச் சத்துக் கரைந்து நார் மட்டும் மிஞ்சும். எலும்பு முறியாமல் வளையும். இன்னொன்றை அடுப்புத் தணலில் நன்றாகச் சுட்டால் நார் எரிந்து சுண்ணாம்பு மட்டும் மிஞ்சும். விரலால் நசுக்கினாலே பொடிந்துவிடும்.

பின்னல் எலும்பு எப்படி இந்த ஒழுங்குக்கு மாறுகிறது? இரண்டு கூட்டம் கலங்கள் ஒன்றின் பின் ஒன்றாக வேலை செய்கின்றன. முன்னால் போவது எலும்பைக் கரைக்கிற கூட்டம். அமிலமும் நொதியமும் சுரந்து, ஒஸ்தியன் அளவில் ஒரு சுரங்கத்தைக் குடைந்துகொண்டு போகும். நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றரில் 25இல் ஒரு பங்குதான் முன்னேறும், ஒரு மில்லிமீற்றர் போக ஏறக்குறைய ஒரு மாதம். அதன் பின்னால் வருகிற கட்டுகிற கூட்டம், சுரங்கச் சுவரிலிருந்து உள்நோக்கித் தகடு தகடாகப் பூசிக்கொண்டு வரும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிப்பு. நடுவில் இரத்தக் குழாய்க்கு மட்டும் வழிவிட்டு ஒரு உருளையை முடிக்க மூன்று மாதம் அளவில் ஆகும். பூசிக்கொண்டே போகிற கலங்களில் சில தாம் பூசிய எலும்புக்குள்ளேயே அடைபட்டுவிடும். மேலே சொன்ன பொந்துகளில் வாழ்கிற என்புக்கலங்கள் அவைதான். இது முறிவில் மட்டும் நடப்பதல்ல. நம் எல்லோருடைய எலும்பிலும் இந்த நிமிடமும் நடக்கிறது. பழைய ஒஸ்தியனைக் குடைந்து புதியது, அதைக் குடைந்து இன்னொன்று.

இந்தக் கணக்கைப் பார்த்தால் கட்டி ஏன் ஒரு கிழமையில் கரையாது என்பது விளங்கும். உங்கள் மகன் வளர்கிற பிள்ளை என்பது பெரிய அனுகூலம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் அந்தப் புடைப்பு தேய்ந்து, தடவினாலும் தெரியாத அளவுக்கு வரும். சில பிள்ளைகளுக்கு இலேசான மேடு மிஞ்சும், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. சிறிய வளைவு இருந்தால் அதையும் வளர்ச்சி ஓரளவு நிமிர்த்திவிடும். ஆனால் எலும்பு சுழன்று பொருந்தியிருந்தால் அது தானாகத் திரும்பாது. ஆகவே மகனை மல்லாக்கப் படுக்க வைத்து இரண்டு முழங்கால் சில்லுகளும் நேரே மேலே பார்க்கும்படி வைத்து, பாதங்கள் இரண்டும் ஒரே அளவில் சாய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நல்ல வித்தியாசம் தெரிந்தால் ஒரு மாதம் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.

சரி, கறுப்புக் கோடு. கருவில் ஏழெட்டு வாரம் ஆகும்போது கணைக்கால் எலும்பு எலும்பாகவே இருக்காது. முழுவதும் குருத்தெலும்பால் ஆன சின்ன உருவம்தான். மூத்தவளின் புத்தகத்தில் கசியிழையம் என்றிருக்கும். அந்த உருவத்தின் நடுத்தண்டைச் சுற்றி முதலில் ஒரு மெல்லிய எலும்பு வளையம் உண்டாகும். பிறகு இரத்தக் குழாய் உள்ளே நுழைந்து, நடுவிலிருந்து இரண்டு முனைகளையும் நோக்கி எலும்பாக்கம் பரவும். பிறக்கிற காலமளவில் முழங்கால் பக்கத்து முனைக்குள் தனியாக இன்னொரு எலும்பு மையம் தோன்றும். தண்டுக்கும் அந்த முனைக்கும் இடையில் எலும்பாகாமல் மிஞ்சுகிற குருத்தெலும்புத் தட்டுதான் வளர்ச்சித் தட்டு. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாததால் அந்த இடம் கறுப்புக் கோடாக விழுகிறது. மற்றக் காலை எக்ஸ்ரே எடுத்தாலும் அதே இடத்தில் அதே கோடு இருக்கும். குட்டி ஆட்டின் கால் எலும்பை நன்றாக அவித்தால் முனைக் குமிழ் தனியே கழன்று வருவதைக் கண்டிருப்பீர்கள். கழன்ற முகம் மேடும் பள்ளமுமாக இருக்கும். அது கழல்வது இந்தத் தட்டில்தான்.

இப்போது மூத்தவளுக்கு: எலும்பு உள்ளேயிருந்து ஊதி வளர முடியாது, நீ நினைத்தது சரிதான். இறுகிய பொருளுக்குள் அடைபட்ட கலம் பிரிந்து பெருக இடமில்லை. ஆகவே எலும்பு மேற்பரப்பில் மட்டுமே கூடும். ஆனால் குருத்தெலும்பு இளகியது, அதன் கலங்கள் உள்ளேயே பெருகலாம். உடம்பு இதைத்தான் பயன்படுத்துகிறது. வளர்ச்சித் தட்டில் குருத்தெலும்புக் கலங்கள் வரிசை வரிசையாகப் பிரிந்து, பருத்து, முனையைத் தண்டிலிருந்து தள்ளித் தள்ளிக் கொண்டுபோகும். தண்டுப் பக்கத்தில் பழைய கலங்களைச் சுற்றிச் சுண்ணாம்பு ஏற, இரத்தக் குழாய் நுழைந்து எலும்பு அந்த இடத்தைப் பிடிக்கும். கணைக்கால் எலும்பின் நீள வளர்ச்சியில் பாதிக்கும் மேல் முழங்கால் பக்கத்துத் தட்டிலிருந்தே வருகிறது. ஆண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 16 முதல் 18 வயதுக்குள் தட்டு முழுவதும் எலும்பாகிக் கோடு மறையும், பெண்பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு வருடம் முன்னதாக. அதோடு உயரம் நின்றுவிடும்.

பருமன் கூடுவது வேறு வழி. ஆட்டெலும்பில் உரிந்து வந்ததே அந்த மேலுறை, அதன் உட்பக்கத்திலுள்ள கலங்கள் வெளியே புது எலும்பைப் படிய வைக்கும். மேலுறையிலுள்ள ஒரு இரத்தக் குழாயின் இரண்டு பக்கமும் எலும்பு வரம்பாக உயர்ந்து, மேலே சந்தித்து மூடும்போது அந்தக் குழாய் ஒரு சுரங்கத்துக்குள் அகப்படும். அந்தச் சுரங்கம் உட்புறமாகத் தகடு தகடாக நிரம்ப, ஒரு ஒஸ்தியன் பிறக்கிறது. அதே காலத்தில் மச்சைப் பக்கத்தில் கரைக்கிற கலங்கள் எலும்பை எடுத்துக்கொண்டே வரும். அதனால் தண்டு பருத்தாலும் பாரமான கட்டையாகிவிடாமல் குழாயாகவே இருக்கிறது. மண்டையோட்டின் தட்டை எலும்புகள் குருத்தெலும்பு உருவமே இல்லாமல் சவ்விலிருந்து நேரே உருவாகின்றன. ஆனால் அங்கேயும் முதலில் பின்னல் எலும்பு, பிறகு தகட்டு எலும்பு. குழந்தையின் எலும்பில் பின்னல் எலும்பே அதிகம், மூன்று நான்கு வயதுக்குள் பெரும்பகுதி மாற்றப்பட்டுவிடும். உன் தம்பியின் காலில் நடப்பது, அவன் கருவிலிருந்தபோது நடந்த அதே வேலை. சோதனையில் எலும்பு முறிவு குணமாவதைப் பற்றிக் கேள்வி வந்தால் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து யோசி, பாடமாக்க வேண்டியிருக்காது.

அம்மா, மறுபடி உருவுவதற்கு வருகிறேன். முறிவு வைத்தியத்தில் மாமிக்கு இருக்கிற நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. நம் பகுதியில் தலைமுறை தலைமுறையாகக் கைவசம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எட்டு வாரப் பின்னல் எலும்பை அழுத்தி உருவினால் அது கரையாது. உள்ளே புதிதாக ஓடத் தொடங்கிய குழாய்கள் சிதையலாம், பிணைப்பு அசையலாம். குறிப்பாக முழங்கை முறிவில் பலமாக உருவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து, கை மடக்க முடியாமல் இறுகிப்போவதும் உண்டு. பிளாஸ்டர் கழற்றிய காலில் தோல் செதில் செதிலாக உரியும், மயிர்கூட அடர்த்தியாக முளைத்திருக்கும், தசை வற்றிக் கால் மெலிந்திருக்கும். இதெல்லாம் சில மாதங்களில் சரியாகிவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, தோலில் மட்டும் தேங்காயெண்ணெய் இலேசாகத் தடவிவிடுங்கள். மாமியின் கையாலேயே தடவட்டும், அழுத்தாமல்.

சாப்பாடு. ஆட்டுக்கால் சூப் நல்லதுதான், ஆனால் அதில் கல்சியம் மிகக் கொஞ்சம். எலும்பின் சுண்ணாம்பு கொதிநீரில் இலேசில் கரைவதில்லை. அதைவிட முள்ளோடு சாப்பிடுகிற நெத்தலி, கந்தளாய்ப் பக்கத்திலிருந்து வருகிற சட்டித் தயிர், பால், குரக்கன், எள்ளு, முருங்கையிலை வறை இவையெல்லாம் மேல். கொலாஜன் புரதம் என்பதால் மீன், முட்டை, பருப்பு நாளாந்தம் இருக்கட்டும். வெயிலில் கொஞ்ச நேரம் நடமாடினால் விற்றமின் டி கிடைக்கும். இரண்டு மாதமாக அறைக்குள் கிடந்த பிள்ளைக்கு அது முக்கியம். இவ்வளவும் சாப்பிடுகிற பிள்ளைக்கு மாத்திரை தேவையில்லை. வைத்தியர் எழுதித் தந்தால் மட்டும் கொடுங்கள்.

ஆனால் எந்தச் சாப்பாட்டையும்விடப் பெரிய மருந்து, அளவாகக் காலை ஊன்றுவது. பாரம் விழும்போது எலும்பு இம்மியளவு வளைகிறது. அப்போது நுண்வாய்க்கால்களில் நீர் நகர்வதை என்புக்கலங்கள் உணர்ந்து, எங்கே கட்ட வேண்டும், எங்கே கரைக்கலாம் என்று மற்றக் கலங்களுக்குச் சொல்கின்றன. பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்பதை ஜெர்மன் வைத்தியர் யூலியஸ் வுல்ஃப் 1892இலேயே எழுதிவிட்டார். விண்வெளியில் பாரமே விழாமல் மிதக்கிற வீரர்களுக்கு, இடுப்பெலும்பில் மாதத்துக்கு ஒரு வீதத்துக்கு மேல் குறைகிறது. பயந்து மகனைக் கட்டிலிலேயே வைத்திருந்தால் அந்தக் கட்டி ஒழுங்காகாது. ஊன்றுகோலோடு தொடங்கி, நோ வராத அளவுக்குப் பாரத்தைக் கூட்டிக்கொண்டு போகட்டும்.

உப்புவெளிக் கடற்கரை பக்கத்தில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். உலர்ந்த மணலில் கால் புதையும், பிரளும், அதில் இப்போது வேண்டாம். அலை தொட்டு இறுகிய ஈரமணலில் நடக்கட்டும். ஊன்றுகோல் விட்ட பிறகு, கடல் அமைதியாக இருக்கிற மே முதல் செப்டெம்பர் வரையான காலமென்றால், பெரியவர் ஒருவர் கூட இருக்க இடுப்பளவு தண்ணீரில் நடப்பது அருமையான பயிற்சி. வாடைக் காற்றுக் காலமென்றால் கடலை விட்டுவிடுங்கள்.

கோணேசர் கோவில் நேர்த்திக்கு, அடுத்த கிளினிக்கில் எக்ஸ்ரே பார்த்து, ஊன்றுகோல் இல்லாமல் நொண்டாமல் நடக்கிறான் என்றான பிறகு நாள் குறியுங்கள். கோட்டை வாசலிலிருந்து மேலே ஏறுவது பெரிய கஷ்டமாக இருக்காது. இறங்கும்போதுதான் களைத்த கால் தடுமாறும். ஆகவே ஏறும்போது நடக்கட்டும், இறங்குவதற்கு ஒரு ஓட்டோவை ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். பந்து விளையாட்டு அப்படியல்ல. ஓடி, திரும்பி, இன்னொருவன் காலில் இடிபடுகிற விளையாட்டுக்குப் பின்னல் எலும்பு போதாது. வைத்தியர் சம்மதம் தர இன்னும் சில மாதங்கள் ஆகும். சைக்கிளும் அவர் சொன்ன பிறகுதான்.

இடையில் நோ குறையாமல் நாளுக்கு நாள் கூடினாலோ, அந்த இடம் சிவந்து சூடேறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கால் புதிதாக வளைவதுபோலத் தெரிந்தாலோ, பாதம் விறைத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கடைசியாக ஒன்று. கடிதத்தின் முடிவில், மாமிக்கு 68 வயது, போன வருடம் குசினியில் வழுக்கிக் கையூன்றி விழுந்து மணிக்கட்டு முறிந்தது, முறிவு வைத்தியர்தான் சுகப்படுத்தினார் என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகனைவிட அவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே ஒரு எலும்பு முறிகிறதென்றால், அது மெலிந்திருக்கக்கூடும் என்பதற்கு அறிகுறி. மாதவிடாய் நின்ற பிறகு கரைக்கிற கூட்டத்தின் கை ஓங்குகிறது. குடைந்த சுரங்கங்கள் முழுதாக நிரம்புவதில்லை. அடர்ந்த எலும்பின் உட்பக்கம் துளைத்துளையாகி மச்சைக் குழியோடு கலந்துபோக, வெளித்தோற்றம் மாறாமலே சுவர் மெலிகிறது. நோவும் இராது. மணிக்கட்டு முறிந்தவருக்கு அடுத்த முறிவு இடுப்பில் வரலாம், அது படுக்கையில் போடுகிற முறிவு. எலும்பு கரைவதைக் குறைக்கிற மருந்துகள் இருக்கின்றன. எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் தேவையா என்பதை வைத்தியர் சொல்வார்.

மகனின் அடுத்த கிளினிக் நாளில் மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு முன் குசினியிலும் குளியலறையிலும் ஈரம் நிற்கிற இடத்தைச் சரிசெய்து, இரவில் எரிய ஒரு சின்ன லைட் போட்டுவிடுங்கள். கண்ணில் புகைச்சல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அவர் தொய்வு வருத்தத்துக்கோ மூட்டு வருத்தத்துக்கோ நீண்ட நாளாக மாத்திரை எடுக்கிறவர் என்றால் அந்தத் துண்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். சில ஸ்டீரொயிட் மாத்திரைகளும் எலும்பை மெலியச் செய்யும். ஆனால் வைத்தியரைக் கேட்காமல் அவற்றைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது.